பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம்: பாதுகாப்பாக இயக்குதலும் காயங்களுக்கான முதலுதவியும்

வயல் வரப்பு, வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, முந்திரித் தோப்பு, பள்ளி வளாகம், கோயில் சுற்று ஆகிய இடங்களில் புல்லையும் புதரையும் வெட்டுவதற்குத் தோளில் மாட்டி இயக்கும் பெட்ரோல் இயந்திரம் இன்று பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. மக்கள் வழக்கில் இது 'பிரஷ் கட்டர்' எனப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புல் முழங்கால் உயரத்திற்கு வளர்ந்துவிடும். அப்போது இந்த இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்போர் மட்டுமின்றி, நாள் வாடகைக்கு எடுத்து முதன்முறையாகக் கையாள்வோரும் பலர்.

வாடகைக்கு எடுப்பவருக்கு இயந்திரத்துடன் கையேடோ பாதுகாப்புக் கண்ணாடியோ பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்வதே இப்பக்கத்தின் நோக்கம். இயந்திரத்தை இயக்குவோர், அதனால் காயமடைந்து சிகிச்சை பெறுவோர், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வோர் ஆகிய மூவரும் இதைப் படிக்கலாம்.

காயம் எவ்வாறு ஏற்படுகிறது?

இயந்திரத்தின் நுனியில் நைலான் நரம்போ உலோகத் தகடோ சுழல்கிறது. 40 செ.மீ. விட்டத்தில், நிமிடத்திற்கு 7,000 சுற்று என்ற அளவில் சுழலும் நைலான் நரம்பின் முனை நொடிக்கு ஏறத்தாழ 145 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். புல்லுக்குள் கிடக்கும் ஒரு சரளைக்கல்லின் மீது முனை படும்போது, அந்த வேகத்தில் ஒரு சிறு பகுதி கல்லுக்குக் கிடைத்தாலே அது கண்ணைத் துளைக்கப் போதுமானது.

செம்மண்ணும் சரளையும் கலந்த நிலங்களில் இந்த ஆபத்து கூடுதல். கல்லைத் தவிர உடைந்த கண்ணாடி, வேலிக் கம்பித் துண்டு, ஆணி, ஓட்டுச் சில்லு, முள் ஆகியவையும் தெறிக்கும். இயந்திரத்தைப் பிடித்திருப்பவர் மட்டுமே இதனால் பாதிக்கப்படுவார் என்று எண்ண வேண்டாம். அருகில் புல்லை அள்ளிக்கொண்டிருப்பவர், வேடிக்கை பார்க்கும் குழந்தை, சாலையில் செல்பவர் ஆகியோரும் காயமடையலாம். ஆகவே 15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 அடி சுற்றளவுக்குள் வேறு எவரும் இருக்கக் கூடாது.

நைலான் நரம்புக்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கட்டக் கூடாது

நரம்பு அடிக்கடி தேய்ந்துவிடுகிறது என்பதற்காகச் சிலர் இரும்புக் கம்பி, கேபிள் அல்லது சங்கிலித் துண்டுகளை மாட்டி இயக்குகின்றனர். இது உயிருக்கே ஆபத்தானது. நைலான் அறுந்தால் எடை குறைந்த துண்டு பறக்கும். கம்பியோ சங்கிலிக் கண்ணியோ அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பாகும். கண்ணிகளாக இணைக்கப்பட்ட உலோக வெட்டு உறுப்புகளை இத்தகைய கையடக்க இயந்திரங்களுக்கென விற்பதை உறுப்பு நாடுகள் தடை செய்ய வேண்டும் என 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. கடையில் கிடைக்கிறது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. உங்கள் இயந்திரத்திற்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் நரம்பையும் தகட்டையும் மட்டுமே பயன்படுத்தவும்.

யார் இயக்கக் கூடாது அல்லது மருத்துவரைக் கேட்ட பின்னரே இயக்க வேண்டும்?

- 18 வயதுக்குக் குறைந்தோரும் கர்ப்பிணிகளும் இயக்கக் கூடாது.
- மது அருந்தியவர் இயக்கக் கூடாது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளுடன், சளி, அரிப்பு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் மயக்கம் தரக்கூடியவை என்பதை நினைவில் கொள்ளவும்.
- வலிப்பு நோய் அல்லது அடிக்கடி தலைச்சுற்றல் உள்ளவர்கள் இயக்கக் கூடாது.
- இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் இதய மருத்துவரிடம் கேட்ட பின்னரே இயக்க வேண்டும். இயந்திரத்தின் தீப்பொறி அமைப்பு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது.
- கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கண் மருத்துவர் அனுமதிக்கும் வரை இயக்கக் கூடாது.
- ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது. இருக்கும் ஒரு கண்ணையும் பணயம் வைக்க வேண்டாம்.
- இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தப்போக்கு எளிதில் நிற்காது. மருத்துவரின் ஆலோசனை அவசியம்.
- நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலில் பட்ட காயத்தை உணராமலேயே வேலையைத் தொடரக்கூடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், அடுத்த முறை பணியாளர் வரும்போது பாதப் பரிசோதனை குறித்துக் கேட்கவும்.

வேலையைத் தொடங்கும் முன்

முதலில் நிலத்தை நடந்து பார்க்கவும். கல், கண்ணாடி, கம்பி ஆகியவற்றை அப்புறப்படுத்தவும். நீண்ட கம்பால் புதரைத் தட்டி, பாம்பு உள்ளதா என்றும், மரக்கிளையிலோ புதரிலோ குளவி, கதண்டு, தேனீ ஆகியவற்றின் கூடு உள்ளதா என்றும் பார்க்கவும். கதண்டுக் கூடு இருந்தால் அவ்விடத்தில் இயந்திரத்தை இயக்க வேண்டாம். தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்குத் தகவல் தெரிவிக்கவும்.

அடுத்து, உடலுக்குரிய பாதுகாப்பு:

- கண்: பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். வாங்கும்போது ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தரநிலைக் குறிப்பு உள்ளதா எனப் பார்க்கவும். வெயில் கண்ணாடியும், பார்வைக்காக அணியும் கண்ணாடியும் இதற்கு ஈடாகா. அவை உடைந்தால் அந்தச் சில்லுகளே கண்ணைக் கிழிக்கும். கம்பி வலை முகமூடி மட்டும் போதாது. அதன் துளை வழியே சிறு துகள்கள் நுழையும். முகமூடிக்குள்ளும் கண்ணாடி அணிய வேண்டும்.
- காது: காதடைப்பான் அல்லது காதுகளை முழுமையாக மூடும் கவசம் அணியவும். பஞ்சு வைத்துக்கொள்வது இரைச்சலைப் போதிய அளவு குறைப்பதில்லை.
- கால்: முழுநீளக் காற்சட்டையும், கணுக்காலை மூடும் தடித்த காலணி அல்லது கம்பூட்டும் அணியவும். செருப்புடனோ வெறுங்காலுடனோ இயக்கக் கூடாது.
- உடை: வேட்டி, கைலி, தோளில் தொங்கும் துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பகுதியில் சிக்கக்கூடும். உடலை ஒட்டிய உடையும் கையுறையும் அணியவும்.

இயந்திரத்தின் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு இயக்குவது பெருந்தவறு. தெறிக்கும் கற்களில் பெரும்பகுதியை உங்கள் காலுக்கும் முகத்துக்கும் வராமல் தடுப்பது அதுவே. தகட்டில் விரிசல் இருந்தால் மாற்றவும். ஒட்டவைத்து ஓட்ட வேண்டாம்.

பெட்ரோலைக் கையாளுதல்

2 ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்குப் பெட்ரோலுடன் அதற்குரிய எண்ணெயைக் கலக்க வேண்டும். கலவை விகிதம் இயந்திரத்திற்கு இயந்திரம் மாறும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. 4 ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெயைப் பெட்ரோலுடன் கலப்பதில்லை.

இயந்திரத்தை நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே பெட்ரோல் நிரப்பவும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. நிரப்பிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிச் சென்ற பின் இயந்திரத்தை இயக்கவும். மூடிய கொட்டகைக்குள் இயக்கிப் பார்க்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அது மயக்கத்தையும் மரணத்தையும் விளைவிக்கும்.

பெட்ரோலைக் குடிநீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. தாகத்தில் வரும் குழந்தைக்கு அது தண்ணீராகவோ குளிர்பானமாகவோ தோன்றும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதும் கூடாது.

இயக்கும்போது

1. தோள்பட்டை வாரை மாட்டி, இரு கைகளாலும் பிடிக்கவும். வெட்டும் பகுதி எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும்.
2. பெரும்பாலான இயந்திரங்களில் தகடு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அவற்றில் வலமிருந்து இடமாக வீசி வெட்டவும். தகட்டைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதி மரத்தூரிலோ கல்லிலோ பட்டால் இயந்திரம் திடீரென எகிறும். அப்பகுதியால் வெட்ட வேண்டாம்.
3. கல், சுவர், வேலிக் கம்பி, மரத்தடி ஆகியவற்றின் அருகே உலோகத் தகட்டைப் பயன்படுத்தாமல் அரிவாளால் வெட்டவும்.
4. புல் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை முற்றிலும் நிறுத்தி, சுழற்சி நின்றதை உறுதி செய்து, ஸ்பார்க் பிளக்கின் இணைப்பைக் கழற்றிய பின்னரே கையால் எடுக்கவும். ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் தகடு சில நொடிகள் சுழலும்.
5. எவரேனும் நெருங்கி வந்தால் உடனே நிறுத்தவும். காதடைப்பான் அணிந்தவருக்குப் பின்னால் நிற்பவர் கூப்பிடுவது கேட்காது. அவரைத் தொட்டு அழைக்க வேண்டாம். முன்பக்கமாகத் தொலைவில் நின்று கையசைக்கவும்.
6. காலையிலும் மாலையிலும் வேலை செய்யவும். கோடைக்காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை தவிர்க்கவும். அடிக்கடி தண்ணீர், நீர்மோர் அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசல் அருந்தவும்.

கண்ணில் அடிபட்டால்

இப்பக்கத்தில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், அது இப்பகுதியாக இருக்கட்டும்.

வேகமாகப் பறந்து வரும் சிறிய உலோகத் துகளோ கல் துகளோ கண்ணுக்குள் நுழைந்துவிடும்போது, வெளியே தெரியும் காயம் ஊசி முனையளவே இருக்கலாம். வலி குறைவாக இருக்கலாம். முதல் நாள் பார்வையும் ஏறக்குறைய இயல்பாக இருக்கலாம். ஆகையால் 'வலி இல்லை, பார்வை தெரிகிறது, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது பார்வையையே இழக்கச் செய்யும். உள்ளே தங்கிய துகளால் கண்ணுக்குள் சீழ் பிடிக்கலாம். இரும்புத் துகளாயின், அது கரைந்து நாளடைவில் விழித்திரையைப் பாழாக்கும்.

*செய்ய வேண்டியவை*

- காகிதக் குவளை ஒன்றின் அடிப்பாகத்தைக் கண்ணின் மீது கவிழ்த்து, கண்ணைத் தொடாதவாறு எலும்பின் மீது படியவைத்து ஒட்டவும்.
- தலையை உயர்த்தி வைத்து, கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவும்.
- 'இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஏதோ வந்து அடித்தது' என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறவும். இந்த ஒரு செய்தியே எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை முடிவு செய்ய உதவும். கண்ணில் உலோகத் துகள் இருக்கும் ஐயம் உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது ஆபத்து.
- அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும் வரை உணவு தர வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளவும். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவராயின் அதையும் தெரிவிக்கவும்.

*செய்யக் கூடாதவை*

- கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது.
- துளைத்த காயம் என ஐயம் இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.
- தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றை விடக் கூடாது. நாக்கால் துழாவியோ துணி முனையாலோ தூசி எடுக்கக் கூடாது.

வெறும் மண் தூசி மட்டும் விழுந்திருந்தால், சுத்தமான நீரால் கண்ணைக் கழுவலாம். கழுவிய பின்னும் உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரை அணுகவும்.

புல், இலை, முள் ஆகியவை கண்ணைக் கீறினால் மற்றொரு ஆபத்து உண்டு. தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் பயிர்த் துணுக்குகள் வழியே பூஞ்சைக் கிருமி கருவிழியில் புகுந்து புண்ணாக்குவது வழக்கமாகக் காணப்படுகிறது. கீறல் பட்டுச் சில நாட்கள் கழித்து வலி கூடி, கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். இதற்கு நாட்டமைசின் போன்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். மருந்துக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு தற்காலிகமாகக் குறையும். பூஞ்சையோ உள்ளே வேகமாகப் பரவும். மருத்துவர் எழுதித் தராத எந்தக் கண் சொட்டு மருந்தையும் விட வேண்டாம்.

வெட்டுக்காயம் ஏற்பட்டால்

முதலில் இயந்திரத்தை நிறுத்தவும். சுத்தமான துணியைக் காயத்தின் மீது வைத்து, 10 நிமிடங்கள் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கவும். இரத்தம் நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே மற்றொன்றை வைத்து இன்னும் வலுவாக அழுத்தவும். காயத்தில் ஏதேனும் குத்தி நின்றால் அதை எடுக்காமல், அதன் இருபுறமும் அழுத்தவும். காப்பித்தூள், மஞ்சள், மண், சாணம் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

விரல் துண்டாகிவிட்டால், துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டவும். அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீருள்ள மற்றொரு பையில் வைக்கவும். பனிக்கட்டி நேரடியாக விரலில் படக் கூடாது. காயமடைந்தவருடனேயே அதையும் கொண்டு செல்லவும்.

மண் பட்ட காயம் எவ்வளவு சிறியதாயினும், கடைசியாகத் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது எப்போது போட்டது என நினைவில்லையெனில், டி.டி. தடுப்பூசி தேவை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகப் போடப்படுகிறது.

தீக்காயமும் பெட்ரோல் விழுங்குதலும்

சூடான சைலென்சர் பட்டுத் தோல் வெந்தால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டவும். பற்பசை, மை, மாவு, எண்ணெய் தடவ வேண்டாம். உடையில் பெட்ரோல் சிந்தியிருந்தால் உடனே உடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவவும்.

பெட்ரோலைக் குடித்துவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்பு நீர், பால், எண்ணெய் கொடுக்கக் கூடாது. வாந்தி வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் செல்வதே உண்மையான ஆபத்து. இருமல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, குறைந்தது 6 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

பாம்புக்கடி, கதண்டுக் கொட்டு, வெப்பத் தாக்கம்

பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கடிவாய்க்கு மேல் கயிறு கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். கதண்டு பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, ஓரிடத்தில் கொட்டியும் முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ அது அவசர நிலை. வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து, உடலெங்கும் நீர் தெளித்து விசிறவும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மெல்ல வரும் பாதிப்புகள்

இவ்வகை இயந்திரங்களின் இரைச்சல், இயக்குபவரின் காதருகே 100 டெசிபல் அளவை எட்டக்கூடும். 85 டெசிபல் இரைச்சலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்சார் நல வல்லுநர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அதன்படி 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் மட்டுமே. வேலை முடிந்த பின் காதில் ரீங்காரம் கேட்பது முதல் எச்சரிக்கை. இரைச்சலால் இழந்த கேட்கும் திறனை மருந்தால் மீட்க இயலாது.

தொடர்ந்து பல மாதங்கள் அதிர்வுக்கு ஆளாகும் கைகளில் விரல் நுனி மரத்துப்போதல், கூச்சம், குளிரில் விரல் வெளுத்தல், சட்டைப் பொத்தானை மாட்டச் சிரமப்படுதல் ஆகியவை தோன்றலாம். இந்நிலையில் வேலையை நிறுத்தி மருத்துவரிடம் காட்டினால் பாதிப்பு மேலும் முற்றாமல் தடுக்கலாம். புகை பிடிப்பது இப்பாதிப்பை அதிகரிக்கும். ஒருவரே நாள் முழுவதும் இயக்காமல், இருவர் மாறி மாறி இயக்குவது காது, கை இரண்டிற்கும் நல்லது.

வீட்டில் கவனித்துக்கொள்வோருக்கு

- கண் அறுவை சிகிச்சைக்குப் பின், சொட்டு மருந்து விடும் ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவவும். மருந்துக் குப்பியின் முனை இமையில் படக் கூடாது. நேரத்தை ஒரு தாளில் குறித்து வைக்கவும்.
- வலி கூடுதல், பார்வை மங்குதல், சீழ் வடிதல், கண் முன் மின்னல் அல்லது கரும்புள்ளி தோன்றுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், குறிப்பிட்ட மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.
- காயமடையாத கண்ணில் சிவப்பு, வலி, மங்கல் வந்தாலும் உடனே காட்டவும். அரிதாக, ஒரு கண்ணின் காயம் மற்றொரு கண்ணையும் பாதிப்பதுண்டு.
- ஒரு கண்ணில் பார்வை இழந்தவருக்குத் தொலைவைக் கணிப்பது சில மாதங்கள் சிரமமாக இருக்கும். மாடிப்படி, கிணற்றங்கரை, வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றில் துணை தேவை.
- விபத்து எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் உள்ளபடியே பதியச் செய்யவும். சிகிச்சைச் சுருக்க அறிக்கையைப் பாதுகாக்கவும். இழப்பீடு அல்லது உதவித்தொகை கோரும்போது இவை தேவைப்படும்.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கொண்டு வரவும். அட்டையைத் தேடுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம். அவசர சிகிச்சை முதலில் தொடங்கும். ஆவணங்களைப் பிறகு தரலாம்.

எங்கே செல்ல வேண்டும்?

சிறு கீறல், தடுப்பூசி, காயத்திற்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். கண்ணைத் துளைத்த காயம், நிற்காத இரத்தப்போக்கு, துண்டான விரல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுக்கு 108 ஆம்புலன்சை அழைக்கவும். வல்லத்திராக்கோட்டை சுற்று வட்டாரத்தினர் இத்தகைய நிலையில் 2017-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மருத்துவ ஆலோசனை பெற 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்போர் அதனுடன் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் காதடைப்பானையும் சேர்த்தே கொடுக்கவும். எடுப்போர் அவற்றைக் கேட்டுப் பெறவும். கிடைக்கவில்லையெனில், அவை கிடைக்கும் நாள் வரை புல் வளர்ந்தே நிற்கட்டும்.